சிலிண்டர் சித்தப்பாவும் ஒரு சங்கிலியும்

மாரிசெல்வி கேட்டது ஒரு சங்கிலி. கழுத்தில் போட்டுக்கொள்ள அல்ல. அதற்கு அவள் அம்மா சங்கரன்கோவிலில் நகைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். இது சிலிண்டர்களைக் கட்ட.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி அது. பெயர் வேண்டாம். பெயரைச் சொல்வதற்கும் அங்கே ஒரு அனுமதிப் படிவம் இருக்கும். இரும்பை வெட்டவும் பற்றவைக்கவும் ஆக்சிஜன், அசிட்டிலின், ஆர்கான் என்று ஆள் உயர சிலிண்டர்கள் லாரியில் வந்து இறங்கும். கேஸ் யார்டு என்று அவர்கள் சொல்கிற, பின்பக்க மதிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவை நிற்கும். நிற்கும் என்பதற்கு மேல் அவற்றின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பந்திக்கு இடம் பிடிக்கக் காத்திருக்கும் கல்யாணக் கூட்டம்போல ஒன்றன் தோளை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும்.

மாரிசெல்வி டிப்ளமோ படித்தவள். ஒரகடத்தில் இன்னும் சில பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். ஸ்டோரில் ஏசிக்குக் கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவளை, கேஸ் யார்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் தற்காலிகமாக அங்கே அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியில் தற்காலிகம் என்பது பணி ஓய்வு வரைக்கும்.

அங்கே சிலிண்டர் ஏற்றி இறக்குகிறவர் டில்லிபாபு. வல்லத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். சிலிண்டரைச் சற்றே சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி உருட்டி, ஜோடி சேர்ந்து ஆடுகிற மாதிரி நடத்திக்கொண்டு போவார். முதல் நாளே அவளை எச்சரித்தார்.

"பாப்பா, இதும்மேல சாஞ்சிக்கினு போன் பேசாத. ஒண்ணு வியுந்தா வரிசையா வியும். மேல கீது பாரு வால்வு, அது ஒடஞ்சிச்சின்னா உள்ள கீற காத்து பிச்சிக்கினு வரும். சிலிண்டரு ராக்கெட்டு மாரி மதிலைத் தாண்டிப் பூடும்."

"அப்போ கட்டிப் போட வேண்டியதுதானண்ணே? சுவத்தோட ஒரு சங்கிலி போட்டா முடிஞ்சு போச்சுல்லா?"

"எல்லாரும் கேட்டுட்டுத்தான் போனாங்க. நீயும் கேளு."

கேட்டாள்.

சங்கிலி என்பது பாதுகாப்புப் பொருள், எனவே பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்று பர்ச்சேஸ் பிரிவு திருப்பி அனுப்பியது. பாதுகாப்புத் துறை மேலாளர் ராஜசேகர். அவர் தன் தலைக்கவசத்தை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு அதில் பேனாக்களை வைத்திருந்தார். அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அன்பாகவே பேசினார்.

"சங்கிலி வாங்கணும்னா ரிஸ்க் மதிப்பெண் வேணும்மா. இதுவரைக்கும் எத்தனை விபத்து நடந்திருக்குன்னு பாத்து மதிப்பெண் போடுவோம். கேஸ் யார்டுல எத்தனை?"

"நடக்கலை சார்."

"அப்போ ரிஸ்க் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எப்படிம்மா சங்கிலி வாங்கறது?"

"அப்போ விழுந்தப்புறந்தான் வாங்குவீங்களா சார்?"

ராஜசேகர் பதறிவிட்டார். "விழக் கூடாது! விழுந்தா நம்ம பூஜ்ய விபத்து ரெக்கார்டு என்ன ஆகும்? அந்தப் பேச்சையே எடுக்காதீங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "விழாம, விழப்போற மாதிரி ஏதாவது ஆச்சுன்னா வந்து சொல்லுங்க. அதுக்கு நியர் மிஸ்னு பேரு. அதுக்கு மதிப்பெண் உண்டு."

விழாமல், ஆனால் விழப்போகிற மாதிரி எப்போது ஆகும் என்று மாரிசெல்வி காத்திருந்தாள். காத்திருக்கும்போது சும்மா இருக்க மனம் வராமல், பேக்கிங்கில் கழித்துப் போட்ட நைலான் கயிற்றை எடுத்து டில்லிபாபுவும் அவளுமாகச் சிலிண்டர்களைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அடுத்த நாள் பாதுகாப்புத் துறையிலிருந்து ஆள் வந்து கயிற்றை அறுத்துக்கொண்டு போனார். அது அங்கீகரிக்கப்படாத பொருளாம். கயிறு இருந்தவரை யார்டில் ஒரு குறை இருந்தது. கயிற்றை அறுத்த பிறகு யார்டு குறையில்லாததாகிவிட்டது என்று குறிப்பு எழுதினார்கள்.

காத்திருந்தது ஒரு மத்தியானம் நடந்தது. பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓரத்தில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரை இடித்தது. அது குடிகாரனைப் போல ஒரு பக்கமாக ஆடிச் சாய்ந்தது. டில்லிபாபு பாய்ந்து தோளைக் கொடுத்து நிறுத்தினார். அவருக்குத் தோளில் சிராய்ப்பு. ஆனாலும் மாரிசெல்விக்கு மனதின் ஒரு மூலையில், இனிச் சங்கிலி வந்துவிடும் என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

கமிட்டி கூடியது. நீள மேசை, பிஸ்கட், தேநீர். ராஜசேகர் வெள்ளைப் பலகைமுன் நின்று, ஐந்து முறை 'ஏன்' கேட்டால் எந்தப் பிரச்சினைக்கும் மூலகாரணம் தெரிந்துவிடும் என்று விளக்கினார். அது வெளிநாட்டில் கண்டுபிடித்த முறை.

"சிலிண்டர் ஏன் சாஞ்சுது?"

"கட்டலை சார்," என்றாள் மாரிசெல்வி.

"ஏன் கட்டலை?"

"சங்கிலி இல்ல."

"ஏன் இல்ல?"

"நீங்க வாங்கித் தரலை."

பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தவர் கடித்தபடியே நின்றார்.

"இதுதான் எல்லாரும் செய்யற தப்பு," என்றார் ராஜசேகர், கோபமே இல்லாமல். "இந்த முறையில பதில் அடுத்த டிபார்ட்மெண்டுக்குப் போகக் கூடாது. உங்க எல்லைக்குள்ளயே சொல்லணும். ஏன் இல்ல?"

அவள் யோசித்தாள். "நான் கேட்டது பத்தலையோ என்னவோ."

"அருமை. ஏன் பத்தலை?"

"தெரியல சார்."

"ஏன் தெரியல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பலகையில் எழுதி, சிவப்பில் வட்டம் போட்டார்: பயிற்சி இல்லை. அதற்குக் கீழே 'மூலகாரணம்: மாரிசெல்வி' என்று எழுதினார். எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு சீக்கிரம் மூலகாரணம் கிடைத்தது அந்த ஆண்டில் அதுவே முதல் முறை என்று யாரோ சொன்னார்கள்.

பயிற்சி கொடுத்தார்கள். குளிர்ந்த அறையில் ஒரு படம் ஓடியது. எந்த நாடோ, மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் புல்தரை நடுவே இருந்த கொட்டகையில் சிலிண்டர்களை நிறுத்தி, பளபளவென்று ஒரு சங்கிலியால் சுவரோடு கட்டினார். கட்டிவிட்டுச் சிரித்தார். மாரிசெல்வி அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பரீட்சை. சிலிண்டரை எதனால் கட்ட வேண்டும் என்பதற்குக் கயிறு, சங்கிலி, துப்பட்டா, இவற்றில் எதுவும் இல்லை என்று நான்கு விடைகள். சங்கிலி என்று குறித்தாள். முழு மதிப்பெண். சான்றிதழோடு ராஜசேகர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"இனிமே உங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார்.

"சங்கிலி சார்?"

"அதான் நீங்க சரியா விடை எழுதிட்டீங்களே!"

சான்றிதழை டில்லிபாபுவிடம் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த வச்சி ஒண்ணும் கட்ட முடியாதே பாப்பா. அட்டையா கீது."

பாதுகாப்பு வாரம் வந்தது. அந்த ஆண்டின் தலைப்பு, 'சிலிண்டர் நம் தோழன்'. தலைப்புக்குப் பொருத்தமாகத் தொடக்க விழாவை கேஸ் யார்டிலேயே வைத்தார்கள். ஷாமியானா போட்டு, வாழை மரம் கட்டி, அசிட்டிலின் வரிசைக்கு முன்னால் குத்துவிளக்கை வைத்து எண்ணெய் ஊற்றியபோதுதான் மாரிசெல்விக்கு விஷயம் உறைத்தது. ஓடினாள்.

"சார், இங்கன தீ பத்த வைக்கக் கூடாது சார். போர்டே இருக்கு!"

"தெரியும்மா," என்றார் ராஜசேகர். "அதனாலதான் விளக்குக்குத் தீ வேலை அனுமதிச் சீட்டு வாங்கிட்டேன். பாருங்க, வேலையின் பெயர்: குத்துவிளக்கு ஏற்றுதல். பொறுப்பாளர்: நீங்க. நேத்தே உங்க பேரைப் போட்டாச்சு."

"திருஷ்டிப் பூசணிக்காய்ல சூடம் வச்சிருக்காங்களே சார்?"

"அதுக்குத் தனிச் சீட்டு."

தீயணைப்பான் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் விளக்குக்குப் பக்கத்திலேயே நின்றாள். விழாப் படங்களில் அவள் மிகுந்த பக்தியோடு இருப்பதுபோலப் பதிவாகியிருக்கிறது.

ஆலைத் தலைவர் வனமாமலை பேசினார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளை என்பார். சங்கிலியைப் பற்றி அவரிடம் ஒருமுறை லிஃப்ட்டில் சொல்லியிருந்தாள். அவர் அதை மறக்கவில்லை என்பது பேச்சில் தெரிந்தது.

"நமக்குப் பாதுகாப்புதான் முதல்ல," என்று தொடங்கினார். "உற்பத்தி அதுக்கும் முன்னால. ஒரு தங்கச்சி எங்கிட்ட வந்து, சார், சிலிண்டருக்குச் சங்கிலி வேணும்னு கேட்டா. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். சிலிண்டரை நான் இரும்பாப் பாக்கலை. நம்ம குடும்பத்துல ஒருத்தராப் பாக்கேன். குடும்பத்துல யாரையாவது சங்கிலியால கட்டுவோமா? மாட்டோம்லா? அன்பால கட்டுங்க. அன்பை விடப் பெரிய சங்கிலி எந்தக் கடையில கிடைக்கும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கேன்டீன்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து 'சிலிண்டர் சித்தப்பா' வந்தார். மனிதவளத் துறை பிரவீனாவின் யோசனை அது. தெர்மோகோலில் செய்த ஆள் உயரச் சிலிண்டர். மீசை வைத்து, கூலிங் கிளாஸ் மாட்டி, உள்ளே டில்லிபாபுவை நிறுத்தியிருந்தார்கள். கண்ணுக்கு விட்ட ஓட்டைகள் அவர் நெற்றிக்கு நேராக இருந்தன. சித்தப்பா எதையும் பார்க்காமலேயே எல்லோரையும் கட்டிப்பிடித்து, பாதுகாப்பு உறுதிமொழி வாங்கினார்.

பிறகு செயல்முறை விளக்கம். சித்தப்பாவைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் கட்ட வேண்டும். பிரவீனா ஒரு பையிலிருந்து மஞ்சள் சங்கிலியை எடுத்தபோது மாரிசெல்வி முண்டியடித்து முன்னால் போனாள். கையில் வாங்கினாள். எடையே இல்லை. பிளாஸ்டிக்.

"மேடம், விழா முடிஞ்சதும் இதையாவது எனக்குத் தருவியளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ, டெகரேஷன்காரர்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்ப்பா. வாடகைக்கு எடுத்தது."

தெர்மோகோலுக்குள்ளிருந்து டில்லிபாபுவின் குரல் வந்தது. "பாப்பா, பேசினது போதும். அவுத்து வுடு. உள்ள வேர்த்துக்கினு மூச்சு முட்டுது."

அந்த வாரம் வாசகப் போட்டிக்கு அவள் 'சிலிண்டருக்குச் சங்கிலி வேண்டும்' என்று எழுதிப் போட்டாள். ஆறுதல் பரிசு கிடைத்தது. எளிமையான நடை என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

பாகங்களை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும், இந்த முறை தப்ப வழியில்லை என்று மாரிசெல்வி நம்பிக்கையோடு ராஜசேகரிடம் போனாள்.

"இப்பவாவது வாங்கிரலாமா சார்?"

"அதுக்கு நேரமில்லம்மா, நடைமுறை இருக்கு. ஆனா நான் வேற யோசிச்சிருக்கேன். யார்டுல என்ன பிரச்சினை?"

"சிலிண்டருக்குக் கட்டு இல்ல."

"பாதி சரி. கட்டு இல்லாத சிலிண்டர் இருக்கறதுதான் பிரச்சினை. சிலிண்டரே இல்லன்னா?" அவர் முகம் மலர்ந்தது. "உலகத்துலயே பாதுகாப்பான கேஸ் யார்டு எது தெரியுமா? காலி யார்டு."

தணிக்கை நாளன்று விடிந்ததும் சிலிண்டர்களை லாரியில் ஏற்றி, தொழிற்பேட்டைக்குப் பின்னால் யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த மனையில் இறக்குவது என்று முடிவாயிற்று. வெல்டிங் லைன் அன்று பராமரிப்பில் இருக்கும். கொட்டகையைக் கழுவி, தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். சிலிண்டர்களுக்குக் காவலாக மாரிசெல்வி போக வேண்டும். இறக்குவது டில்லிபாபு.

லாரியிலிருந்து குதித்தவரின் காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு.

"ஷூ எங்கண்ணே?"

"வாங்கிக்கினாங்க பாப்பா. ஆடிட்டுக்கு லைன்ல நிக்கிறவங்களுக்குப் பத்தலையாம். நான்தான் அவங்க கண்ணுல பட மாட்டேனே, எனக்கு எதுக்குன்னு கேட்டாங்க. நாயம்தான்னு கழட்டிக் குடுத்துட்டேன்."

மனையைச் சுற்றி வேலிகாத்தான் முள். முந்தைய வாரத்து மழையில் மண் இளகிக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காவேரி என்கிற பெண்மணி, தன் ஆடுகள் மேய்கிற இடத்தில் சிலிண்டர்கள் வரிசை கட்டி நிற்பதைக் கண்டு அருகே வந்தாள்.

"இன்னாம்மா இது, குண்டா?"

"இல்லக்கா, கேஸு. ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிருங்க. முட்டிறப் போவுது."

"கம்பெனில வைக்க எடமில்லையா?"

"இருக்குக்கா. அங்க இன்னைக்குப் பாதுகாப்பு நடக்கு."

வெயில் ஏறியது. கடைசி நடை லாரி வந்தது. டில்லிபாபு ஓர் ஆக்சிஜன் சிலிண்டரை இறக்கி நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் திரும்பினார். பின்னால் மண் ஒரு பக்கம் உள்வாங்கியது. நின்ற சிலிண்டர் மெல்லச் சாய்ந்தது. எப்போதும்போலத் திரும்பி அவர் தோளைக் கொடுத்தார். சேற்றில் செருப்பு வழுக்கியது.

அது வெடிக்கவில்லை. பறக்கவில்லை. வால்வின் மேல் மூடி இருந்தது. தொம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்கும் மண்ணுக்கும் நடுவில் டில்லிபாபுவின் வலது பாதம் இருந்தது. முதலில் அவர் கத்தவே இல்லை. "பாப்பா, இத்த கொஞ்சம் நவுத்து," என்றார், ஏதோ பெஞ்சை நகர்த்தச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் கத்தினார்.

மாரிசெல்வியும் லாரி டிரைவரும் காவேரியுமாகத் தூக்கிப் புரட்டினார்கள். மாரிசெல்வி தன் துப்பட்டாவைக் கிழித்துக் காலில் சுற்றினாள். ஆம்புலன்சுக்கு வாசல் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள்.

"ஆம்புலன்ஸ் ஆடிட்டுக்காக முன்வாசல்ல நிக்குது மேடம். டயருக்கெல்லாம் கறுப்பு பாலிஷ் போட்டிருக்காங்க. இப்ப மண்ணு ரோட்டுல எடுத்தா அசிங்கமாயிடும். அவங்க கெளம்பினதும் அனுப்பறோம்."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். பேசினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவை மறித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் காலைப் பார்த்ததும் தாங்களே இறங்கிக்கொண்டார்கள். ஆட்டோ குலுங்கப் போகும்போது அவளுடைய போனில் கம்பெனிக் குழுவின் படங்கள் வந்து விழுந்தன. காலியான கொட்டகைமுன் ராஜசேகரும் வனமாமலையும் தணிக்கையாளர்களும் கட்டைவிரலை உயர்த்தி நின்றார்கள். இப்படி ஒரு சுத்தமான கேஸ் யார்டைப் பார்த்ததே இல்லை என்று தணிக்கையாளர் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ராஜசேகர் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். டில்லிபாபுவின் மனைவி சந்திரம்மாள் கட்டிலோரம் நின்றாள்.

"வேலை செய்யச் சொல்ல காலு போச்சி சார். கம்பெனில எழுதிக் குடுத்தாத்தான் ஆஸ்பத்திரி செலவு, மத்ததுல்லாம் வருமாம். எப்ப தருவீங்க?"

"அதுலதான்மா ஒரு சிக்கல். விழுந்த இடம் கம்பெனி எல்லைக்குள்ள இல்ல. அதோட, ஆடிட் ரிப்போர்ட்படி அன்னிக்கு நம்மகிட்ட சிலிண்டரே கிடையாது. இல்லாத சிலிண்டர் எப்படிம்மா விழும்?"

"அப்போ என் வூட்டுக்காரு காலு மேல வியுந்தது இன்னா? காத்தா?"

ராஜசேகர் நேர்மையான மனிதர். சற்று யோசித்தார். "டெக்னிக்கலா பாத்தா... ஆமாம்மா. அழுத்தி அடைச்ச காத்துதான்."

"நான் கண்ணால பாத்தேன் சார்," என்றாள் மாரிசெல்வி. "நான் எழுதித் தாரேன்."

"நீங்க அன்னிக்கு லீவாச்சேம்மா. இவரும் லீவுதான். வருகைப் பதிவுல அப்படித்தான் இருக்கு. லீவுல இருந்த ரெண்டு பேரு, இல்லாத சிலிண்டரைப் பாத்தோம்னு சொன்னா யாரு நம்புவா? உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

சந்திரம்மாள் ஆப்பிள் பையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதுவும் இல்லாத ஆப்பிளாத்தான் இருக்கும். எடுத்துக்கினு போ சார்."

மாரிசெல்வி சென்னையிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு, நடந்ததையெல்லாம் எழுதி மின்னஞ்சல் அனுப்பினாள். தகுந்த நடவடிக்கைக்காக அது வனமாமலைக்கு வந்தது. வனமாமலை அதை ராஜசேகருக்கு அனுப்பினார். ராஜசேகர் அவளைக் கூப்பிட்டு, தங்கள் புகார் கிடைத்தது, விசாரித்ததில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரியவந்தது என்ற பதிலை அவள் கையிலேயே கொடுத்தார். கம்பெனியைப் பொறுத்தவரை அந்த விபத்து இன்றுவரை நடக்கவில்லை.

சிலிண்டர்கள் கொட்டகைக்குத் திரும்பி வந்து பழையபடி நின்றன. பின்சுவரில், சங்கிலி மாட்டக் கொக்கி அடிக்க வேண்டிய இடத்தில், 'சிறந்த சிலிண்டர் சேமிப்பு' என்று கேடயம் மாட்டியிருந்தார்கள். மாரிசெல்வி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரவில்லை. பல் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

அந்தக் கோபத்தோடு அலுவலகக் கட்டடத்தின் பக்கமாக நடந்து வந்தவள், ஆலைத் தலைவரின் கார் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டாள். தணிக்கையை ஒட்டி அங்கே புதிதாக எவர்சில்வர் கம்பங்கள் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் சங்கிலி மாட்டியிருந்தார்கள். வேறு யாரும் வண்டியை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. குனிந்து தொட்டுப் பார்த்தாள். இரும்பு. தடித்த, பளபளப்பான, கனமான இரும்பு. இரண்டு பக்கமும் கொக்கியில்தான் மாட்டியிருந்தது.

மறுநாள் காலை, வனமாமலையின் கார் வருவதற்கு முன்னால், அவள் அதைக் கழற்றி ஒரு தள்ளுவண்டியில் போட்டு, மேலே சாக்கை மூடி, யாரிடமும் எதையும் நிரப்பிக் கொடுக்காமல் கேஸ் யார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆக்சிஜன் வரிசையைச் சுற்றித் தூணோடு சேர்த்து இழுத்துக் கட்டினாள். ஒரு சிலிண்டரைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை.

கம்பெனி அல்லோலகல்லோலப்பட்டது. தலைவரின் இடத்தில் யாரோ சப்ளையர் வேனை நிறுத்திவிட, வனமாமலை வெயிலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியதாகிவிட்டது. செக்யூரிட்டி ஆட்கள் கேன்டீன், கழிப்பறை, ஸ்க்ராப் குவியல் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். ராஜசேகரும் மூச்சிரைக்க கேஸ் யார்டுக்கு வந்தார்.

"மாரிசெல்வி, சங்கிலி எதையாவது இந்தப் பக்கம் பாத்தீங்களா?"

கேட்கும்போது அவருடைய கை அந்தச் சங்கிலியின் மேல்தான் ஊன்றியிருந்தது. சிலிண்டர்கள் இருக்கிற பக்கம் பார்த்துப் பழக்கமில்லாததால் அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குச் சங்கிலின்னா என்னன்னு பயிற்சியில மட்டுந்தான் தெரியும் சார்," என்றாள்.

சாயங்காலத்துக்குள் புதுச் சங்கிலி வந்துவிட்டது. ரிஸ்க் மதிப்பெண் கிடையாது, கமிட்டி கிடையாது, ஏன் என்று ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. அவசரக் கொள்முதல். முந்தையதைவிடத் தடிமன். மாரிசெல்வி போய்ப் பார்த்தாள். அசிட்டிலின் வரிசைக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. அடுத்த நாள் காலை அதுவும் கேஸ் யார்டுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது முறை போனதும் விஷயம் பெரிதாகிவிட்டது. சங்கிலியின் பாதுகாப்பு குறித்து உயர்மட்டக் கூட்டம் நடந்தது. மூன்றாவது சங்கிலி வந்தது. கூடவே, அதைப் பார்த்துக்கொள்ள நாள் முழுக்க ஓர் ஆளைப் போடுவது என்றும் முடிவாயிற்று. உட்கார்ந்த வேலை, நடக்க முடியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. சந்திரம்மாள் தினமும் வாசலில் வந்து நின்று கத்திக்கொண்டிருந்ததற்கும் ஒரு முடிவு கட்டின மாதிரி இருக்கும் என்று பிரவீனா யோசனை சொன்னாள்.

மறுநாள் காலை தள்ளுவண்டியோடு வந்த மாரிசெல்வி, சங்கிலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் டில்லிபாபு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். காக்கிச் சட்டை, கையில் விசில். வலது காலில் கட்டு, இடது காலில் பாதுகாப்பு ஷூ. புது ஷூ.

வண்டியையும் சாக்கையும் அவர் பார்த்தார்.

"எத்தினி வரிசை பாக்கி பாப்பா?"

"ஒண்ணுதாண்ணே. ஆர்கான்."

டில்லிபாபு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, நாற்காலியை மெதுவாகத் தூக்கி, சங்கிலிக்கு முதுகைக் காட்டி வாசல் பக்கம் பார்த்துத் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் மூஞ்சில வெயிலு அடிக்கிது," என்றார்.